முதல் ஞாயிற்றுக் கைக்குட்டை

கைக்குட்டையை முதலில் எடுத்துத் தொடையின் மேல் விரித்து வைத்துக்கொள்வார் லட்சுமணசாமி. அழுகைக்கு இன்னும் நேரம் இருக்கும், கதையே ஆரம்பித்திருக்காது. ஆனாலும் தயாராக இருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முகாம்காரர்கள் கொண்டுவந்து போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, பையை இரண்டு கால்களுக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு, "ம், சொல்லு கண்ணு" என்பார்.

சத்தியமங்கலத்தைத் தாண்டி இருக்கும் அந்த இலங்கை அகதிகள் முகாமுக்கு, மாதத்தின் முதல் ஞாயிறு தோறும் கோயமுத்தூரிலிருந்து மாருதி வேனில் வந்துவிடுவார். மழை பெய்தாலும் வருவார், வீட்டில் விசேஷம் இருந்தாலும் வருவார். அதில் குறை சொல்ல முடியாது. பையில் அரிசி, பருப்பு, நோட்டுகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பால்பவுடர் டின். டின் தர்சினியின் தம்பிக்கு. இன்னும் இரண்டு வயது ஆகாத பையன். ரேஷன் அரிசிக் கஞ்சி அவன் வயிற்றில் தங்குவதில்லை. அந்த டின் வந்தால் அந்த மாதம் தேறுவான்.

தர்சினிக்குப் பத்து வயது. போன வருடம் மன்னாரிலிருந்து படகில் வந்தவள். ஊரில் ஷெல் விழுந்த இரவு எல்லோரும் கடற்கரைக்கு ஓடினார்கள். தம்பியின் பால் போத்தலை மறந்துவிட்டோம் என்று அம்மா மட்டும் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். அவள் வரவில்லை. படகு காத்திருக்கவில்லை. அப்பா இப்போது பெயிண்ட் அடிக்கிற வேலைக்கு ஊர் ஊராகப் போகிறார். பிள்ளைகளைச் சித்தி பார்த்துக்கொள்கிறாள்.

இதை முதல்முறை கேட்டபோது லட்சுமணசாமி நிஜமாகவே அழுதார். வேன் கோயமுத்தூர் வரும்வரை அழுதார். அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும். கெட்டது இரண்டாவது மாதத்திலிருந்து. பையைக் கொடுத்துவிட்டுப் போனபோது ஏதோ குறைந்தது போல இருந்தது அவருக்கு. உப்பில்லாத சாப்பாடு மாதிரி. மூன்றாவது மாதம் அவளைக் கூப்பிட்டு, மறுபடி சொல்லச் சொன்னார்.

அவருக்கு டவுன்ஹால் பக்கம் கிரைண்டர் கடை. டெமோ காட்டாமல் ஒரு கிரைண்டர்கூட அவர் கடையை விட்டு வெளியே போனதில்லை. தினமும் அரிசியும் உளுந்தும் ஊறவைத்து, வருகிறவர்கள் கண் முன்னால் ஓடவிட்டு, "மாவத் தொட்டுப் பாருங்க" என்று விரலைப் பிடித்து முக்காத குறையாகக் காட்டுவார். கண்ணால் பார்க்காததை நம்பக்கூடாது என்பது அவர் கொள்கை. தானமும் அப்படித்தான் போலிருக்கிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று வாங்குகிறவனுக்குத்தான் புத்தி சொல்லி வைத்திருக்கிறார்கள். கொடுக்கிறவர் மாதாமாதம் ஒரு குழந்தையின் வாயைத் திறந்து பார்ப்பார் என்று எவருக்கும் தோன்றவில்லை.

தனியாக அழுது என்ன பயன்? ஆள் சேர்த்துக்கொண்டு வர ஆரம்பித்தார். ஒரு மாதம் தங்கை குடும்பம், ஒரு மாதம் மோட்டார் சப்ளை செய்கிறவர். கதையில் எந்த இடத்தில் யார் மூக்கை உறிஞ்சுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவருக்கே பிடித்த இடம், படகு கிளம்பியபோது வீட்டு நாய் கரையில் நின்று குரைத்த இடம். ஒருநாள் தர்சினி அதைச் சொல்லாமல் தாண்டிவிட்டாள். "நாய உட்டுபோட்டயே கண்ணு" என்று நிறுத்தி, பின்னால் போய்ச் சொல்லவைத்தார். கதை முடிந்து கைக்குட்டை நனைந்த பிறகுதான், காலால் லேசாகப் பையை முன்னே தள்ளுவார்.

இந்த ஞாயிறு அவர் கூட்டி வந்தது சாதாரண ஆட்களை அல்ல. அவிநாசியில் ரைஸ் மில் வைத்திருக்கும் திருமூர்த்தியும் அவர் மனைவியும். அவர்கள் பெண்ணை லட்சுமணசாமியின் மகனுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் உறுதியாகவில்லை. எப்படிப்பட்ட குடும்பத்தில் பெண் கொடுக்கப் போகிறோம் என்று அவர்கள் நேரில் தெரிந்துகொள்ளட்டும் என்பது ஏற்பாடு. அந்த அம்மாளுக்கும் ஒரு நாற்காலி, நிழலாகப் பார்த்துப் போடச் சொன்னார்.

தர்சினி ஆரம்பித்தாள். ஷெல் விழுந்தது. ஓடினார்கள். அம்மா போத்தலை எடுக்கத் திரும்பினாள். திருமூர்த்தியின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். லட்சுமணசாமியின் விரல்கள் கைக்குட்டையைப் பற்றிக்கொண்டன. "இனிமேத்தானுங்க இருக்குது" என்று சம்பந்திக்கு மெதுவாகச் சொன்னார்.

தர்சினி சித்தியின் இடுப்பிலிருந்த தம்பியைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

"அம்மா போத்தலோட ஓடி வந்திட்டா. போட் எங்களுக்காக நிண்டது. எல்லாரும் ஏறினம். நாயும் ஏறிட்டுது."

சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருமூர்த்தியின் மனைவி மூச்சை விட்டார். "அப்பாடா. எனக்கு நெஞ்சே நின்னுபோச்சுங்க. அம்மா வந்துட்டாங்களே, அது போதுமுங்க" என்றார். அவருக்கு நிஜமாகவே சந்தோஷம்.

லட்சுமணசாமிக்குக் காது சிவந்துவிட்டது. டெமோ நடுவில் கரண்ட் போனால்கூட அவர் இப்படித் தவித்ததில்லை. இல்லைங்க, அவள் அம்மா செத்துப்போனவள் என்று தானே எடுத்துச் சொல்வதா? இந்தப் பெண்ணுக்கு எத்தனை மாதமாகச் செய்கிறோம், ஒரு உண்மையைச் சொல்ல என்ன கேடு என்று மனசுக்குள் பொருமினார். அவருக்குத் தெரிந்த அன்பெல்லாம் சேர்த்து, இன்னொரு வாய்ப்பும் கொடுத்தார்.

"நல்லா ரோசன பண்ணிச் சொல்லு அம்மணி. அம்மா வந்தாங்களா?"

"வந்தவா" என்றாள் தர்சினி. பையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

லட்சுமணசாமி உலர்ந்த கைக்குட்டையை இஸ்திரி மடிப்பு கலையாமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு, சம்பந்தியிடம் வெயிலைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே, குதிகாலால் பையை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.