எங்கள் வீட்டுத் துவைகல்

தேவிகுளத்தில் என் அறைக்குக் கீழே யாரோ கல்லில் துணி அடிக்கிறார்கள். பாழடைந்த கிறிஸ்தவத் துறவியர் மடத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

எழுபதுகளில் எங்கள் எஸ்டேட் உச்சியில் அந்த மடம் கூரையில்லாமல் நின்றது. அதன் கல்லைப் பெயர்த்துத்தான் வெள்ளைக்காரத் துரை பங்களா கட்டினாராம். பங்களாவும் இடிந்ததும் கற்கள் எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்துவிட்டன. புதிய பங்குச் சாமியார், மடத்துப் பீடத்தை மறுபடி கட்ட அவற்றைத் திருப்பிக் கேட்டார். அவருடைய கோயில் உபதேசியார் வீடு வீடாகச் சோதித்தார். கல் ஒளித்த வீட்டுக் கல்யாண ஓலையைக் கோயிலில் வாசிக்க மாட்டார்களாம். மூன்று ஞாயிறு வாசித்தால்தான் கல்யாணம்; அக்காவுக்கு மூன்றாம் ஓலை பாக்கியிருந்தது.

துவைகல்லைக் காட்டி அம்மா, "இது ஆத்துக்கல்லுய்யா" என்றாள்.

"ஆத்துக்கல்லுக்கு நாலு மூலை இருக்குமா, தாயி?"

"தேஞ்சு தேஞ்சு வந்திருக்கும்."

"தேஞ்சா உருண்டையால்ல ஆகும். புரட்டுங்க."

அடியில் இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தன. உபதேசியாருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். ஆறாம் வகுப்பு படித்த என்னைப் பார்த்தார். "ஏட்டி, வாசி."

ஒரு துறவியின் பெயரும், இங்கே உறங்குகிறார் என்றும் இருந்தது.

"டைகர். துரையோட நாய்" என்றேன்.

"நாய்க்கல்லு பீடத்துக்கு ஆகாது" என்று கிளம்பியவர், இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "நெசமாவே நாய்தானாட்டி?"

"ஆமாம்மா."

என் முகத்தையே பார்த்தாள். மறுநாளிலிருந்து துணியை ஓடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

மடத்தில் ஒரு கல்லறைக்கு மட்டும் கல் இல்லை. காரணம் எழுத வேண்டிய இடத்தில் இப்போது 'தெரியவில்லை' என்று எழுதுகிறேன்.