எண்ணெய்க் காலும் மூன்று சென்சாரும்

சாரல் காலத்தில் குற்றாலம் போகிறவர்கள் அருவியில் குளிக்கப் போவார்கள். நாங்கள் போன மாதம் போனது என் மனைவியின் முழங்காலை அளக்க. கிளம்புவதற்கு முன் இதைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன், உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் நானே எழுதுகிறேன். எனக்கே பாதி புரியவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மனைவி பேச்சியம்மாள் தலைமைக் காவலர், வயது முப்பத்திரண்டு, துறை அணிக்குக் கபடியில் ரெய்டு போகிறவள். போன வருடம் ஒரு ஆட்டத்தில் திரும்பும்போது இடது முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. கோட்டுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ஆபரேஷன், ஊன்றுகோல், பத்து மாதம் உடற்பயிற்சி எல்லாம் முடிந்து இப்போது நன்றாக ஓடுகிறாள். ஆனால் பயிற்சியாளர் கறாராகச் சொல்லிவிட்டார், சென்சார் கட்டி ஓடவிட்டு எடுத்த ரிப்போர்ட் இருந்தால்தான் முகாமில் சேர்ப்பாராம். நாங்கள் போனதற்கு அடுத்த வாரமே முகாம். இந்த வயதில் ஒரு சீசன் போனால் போனதுதான்.

அவள் ஆட வேண்டும் என்றும் எனக்கு இருக்கிறது, இனி ஆடவே கூடாது என்றும் இருக்கிறது. பஸ் ஏறும்போதும் அப்படித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ராஜபாளையத்தில் பஸ். சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசி அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். டிக்கெட் ஆளுக்கு அறுபத்தைந்து ரூபாய். வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், மலை கூடவே வரும். பேச்சி அதைப் பார்க்கவில்லை, வழி முழுக்க முட்டியை மடக்கி நீட்டிக்கொண்டே வந்தாள். தென்காசியிலிருந்து டவுன் பஸ்ஸில் குற்றாலம் போய் ஒரு லாட்ஜில் இறங்கினோம். சீசன் என்பதால் வாடகை ஆயிரத்து நானூறு, பேரம் படியவில்லை.

காலை ஆறு மணிக்கு அவள் நல்லெண்ணெயைச் சூடாக்கி வைத்திருந்தாள். பேச்சிக்குப் பிறந்த ஊர் இலஞ்சி. எண்ணெய் தேய்க்காமல் அருவியில் நிற்பது அவர்கள் வீட்டில் குளித்த கணக்கிலேயே சேராது. அருவிக்கரையில் எண்ணெய், சோப்பு கூடாது என்று போர்டு இருக்கிறது. அதனால் அறையிலேயே தேய்த்து ஊறவிட்டு, துடைத்துவிட்டுப் போகிற சாமர்த்தியம். ஆபரேஷன் செய்த முட்டிக்கும் அதற்குக் கீழேயும் நான்தான் தேய்த்துவிட்டேன், தாராளமாக.

ஐந்தருவிக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். பாதி வழியில் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, மலையில ராத்திரி பூரா மழை. அஞ்சும் ஒண்ணாச் சேந்து விழுது. போலீசு யாரையும் விடல."

"நானும் போலீசுதான்" என்றாள் பேச்சி.

போய்ப் பார்த்தோம். கயிறு கட்டி நின்ற பெண் காவலர் அவளை அடையாளம் கண்டு சிரித்தார். "அக்கா, உங்களுக்குத் தெரியாததா? தண்ணி கொறஞ்சா சாயங்காலம் விட்டுருவோம்." போன ஆட்டோவிலேயே திரும்பினோம்.

"பாத்ரூம்ல சுடுதண்ணி வருது, குளிச்சிரு" என்றேன்.

"எண்ணெ தேச்சிட்டுக் குழாய்த் தண்ணியில குளிக்கவா குத்தாலம் வந்தேன்? டெஸ்ட் முடியட்டும். சாயங்காலம் அருவியிலயே குளிச்சிக்கிடுதேன்."

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது புரியும். மற்றவர்கள் புரிந்துகொள்ள முயல வேண்டாம். துண்டால் ஒரு துடை துடைத்து, டிராக் பேன்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

டெஸ்ட் ஒன்பது மணிக்கு, இலஞ்சியில் ஒரு பள்ளி மைதானத்தில். எடுப்பவர் ஸ்டீபன், வீரகேரளம்புதூர்க்காரர், பிசியோதெரபி படித்த இளைஞர். கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு. பட்டையில் கோத்த, தீப்பெட்டி அளவில் மூன்று சென்சார் பெட்டிகள். ஒன்று இடுப்புக்குப் பின்னால், மற்ற இரண்டும் இரண்டு முழங்கால்களுக்குக் கீழே, முன் எலும்பின் மேல். பெண் என்பதால் தம்பி கூச்சப்பட்டு, பட்டைகளை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். "வெறுந்தோலுமேல நீங்களே இறுக்கிக் கட்டிக்கிடுங்கக்கா" என்றார். பேன்ட்டைச் சுருட்டிவிட்டு அவளே கட்டிக்கொண்டாள்.

தரையில் ஆரஞ்சு நிறக் கோன்கள். நேரே ஓடி, சட்டென்று நின்று, இடமும் வலமும் திரும்பி, பின்னாலேயே ஓடிவர வேண்டும். எவ்வளவு நேரத்தில் ஓடினாள் என்பது மட்டும் கணக்கில்லையாம். நிற்கும்போது எந்தக் கால் பாரம் தாங்குகிறது, திரும்பும்போது எந்தக் கால் தயங்குகிறது என்பதைப் பெட்டிகள் பிடித்து டேப்லெட்டுக்கு அனுப்பும். இரண்டு காலுக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் ஆடலாம் என்பது ஸ்டீபன் வைத்திருக்கும் அளவு.

முதல் ஓட்டத்தில் எட்டு. பேச்சி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். இரண்டாவதில் முப்பத்தொன்று. மூன்றாவதில் பத்தொன்பது, அதுவும் நல்ல காலான வலது கால்தான் மட்டம் என்றது டேப்லெட். என் கண்ணுக்கு மூன்று ஓட்டமும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஸ்டீபன் சாரலில் தரை வழுக்குகிறதோ என்று காலால் தேய்த்துப் பார்த்தார். டேப்லெட்டை அணைத்துப் போட்டார். நான்காவது ஓட்டத்தில் இருபத்தாறு.

"எனக்கே ஒண்ணும் வெளங்கல அண்ணாச்சி" என்று என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "ஒருவேள அக்காவுக்கு மனசுல பயம் இருக்கும். இன்னும் மூணு மாசம் பயிற்சி எடுத்துட்டு வரச் சொல்லி எழுதிருதேன்."

பேச்சிக்கு அது கேட்டுவிட்டது. குனிந்து, நன்றாகக் கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள். எனக்கு நெஞ்சில் இருந்த ஒரு பாரம் இறங்கியது. அதே நேரத்தில் அவள் குனிந்த முதுகைப் பார்க்கவும் முடியவில்லை. இரண்டும் ஒரே மனிதனுக்கு எப்படி ஒன்றாக வருகிறது என்று இன்னும் தெரியவில்லை.

இடது கால் பெட்டி எலும்பின் மேல் இல்லை, ஆடுசதைப் பக்கம் நழுவிக் கிடந்தது. மூன்றாவது ஓட்டத்திலேயே அதைக் கவனித்தேன். அப்படித்தான் இருக்க வேண்டும் போல என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்துக்கொண்டேன். காலையில் அந்த இடத்தில் எண்ணெய் தேய்த்த விரல்கள் என்னுடையவை.

ஸ்டீபன் ரிப்போர்ட்டில் எழுத ஆரம்பித்தார். பேச்சி இன்னும் நிமிரவில்லை.

"தம்பி, அவ காலுல எண்ணெ இருக்கு" என்றேன்.

ஸ்டீபன் நிமிர்ந்து அவள் காலைப் பார்த்தார். பிறகு சிரித்து, தலையில் கை வைத்து, மறுபடி சிரித்தார். "குத்தாலத்துல டெஸ்ட் வைக்குதேன், இதக் கேக்கணும்னு எனக்குத் தோணலையே." மைதானத்துக் குழாயில் சோப்புப் போட்டு இரண்டு காலையும் கழுவினாள். குழாய்த் தண்ணீர்தான், இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. பட்டைக்கு மேல் டேப் சுற்றி, மூன்று முறை ஓடினாள். ஏழு, ஒன்பது, ஏழு. ஆடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடைசி ஓட்டத்தில் அவள் திரும்பியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன், அதனால் அது எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது.

மாலை நாலரைக்கு ஐந்தருவியைத் திறந்துவிட்டார்கள். அங்கே ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. நான் சீக்கிரம் வெளியே வந்துவிட்டேன், அவள் வர ஒரு மணி நேரம் ஆனது. ரம்புட்டான் கால் கிலோ வாங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். ஒன்றை உரித்து என் கையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"பெட்டி நழுவுனத எப்பம் பாத்தீங்க?"

"கடைசியிலதான்."

"மூணாவது ஓட்டத்துல நீங்க என் மூஞ்சியப் பாக்கல, காலயேதான் பாத்துட்டு இருந்தீங்க."

கையில் இருந்த பழத்தை வாயில் போட்டுக்கொண்டேன். அவள் கோபமாகக் கேட்டதாகத் தெரியவில்லை. கோபமா இல்லையா என்று எனக்குச் சரியாகத் தெரியவும் இல்லை. ஈரத் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு, "முகாமுக்கு நீங்கதான் கொண்டு விடணும்" என்றாள். சரி என்றேன்.

போகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சீசனில் சனிக்கிழமை என்றால் லாட்ஜை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். இலஞ்சிக்குக் குற்றாலத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம் போதும். பழைய ஷூவிலேயே ஓடச் சொல்லுங்கள், புது ஷூ வேண்டாம். எண்ணெயும் அருவியும் டெஸ்டுக்குப் பிறகு. கூடப் போகிறவர் வெளியே சும்மா உட்கார்ந்திருக்கலாம், அவருக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. பட்டை நழுவுவதைக் கண்டால் மட்டும் உடனே சொல்லிவிடுங்கள். நான் தாமதித்தது ஒரு ஓட்டம்தான். முகாம் ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது, போனில் தினமும் எல்லாம் சொல்கிறாள், முட்டி எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை.