அம்மா கேட்காத இசைத்தட்டுகள்

அண்ணா சாக்ஸபோன் வாசிப்பதை அம்மா ஒரு நாளும் போய்க் கேட்டதில்லை. டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் எங்கள் சனம் இதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தது. மகன் டொக்டராகவில்லை என்ற கோபம் என்றார்கள் சிலர். குடிக்கிற இடங்களில் ஊதித் திரிகிறான் என்ற வெட்கம் என்றார்கள் வேறு சிலர். இந்தக் கதைகளைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. உள்ளுக்குள் நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அண்ணாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்த முதல் குளிர்காலத்திலேயே அது கூடிவிட்டது. அவர் நித்திரையான பிறகும் அம்மா கட்டில் ஓரத்தில் இருந்து மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார். எங்கள் டொக்டர், ஊதுகிற வாத்தியம் ஏதாவது பழகினால் நுரையீரலுக்கு நல்லது என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தார். துணி ஆலையில் வேலை செய்த அப்பாவுக்கு டொக்டர் வாயால் வந்தது எதுவும் மருந்துதான். அந்தக் கிழமையே அண்ணாவைக் கொம்யூன் என்கிற நகரசபை நடத்தும் இசைப்பள்ளியில் சேர்த்துவிட்டார். அங்கே இரவலாகக் கொடுத்ததுதான் சாக்ஸபோன்.

"மூச்சு எடுக்கவே கஷ்டப்படுற பிள்ளையை ஊதச் சொல்லுறியளே!" என்று அம்மா அப்பாவோடு சண்டை பிடித்தார். சண்டையில் வெல்ல முடியாததால் தன் வழியில் ஒன்றைச் செய்தார். எத்தனை பிள்ளைகளின் வாயில் இருந்த குழலோ என்று, அதன் ஊதுவாயைக் கழற்றி, பால்போத்தல் அவிப்பது போலக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு அவித்தார். அது இறுகிய ரப்பரில் செய்தது. வீடு முழுக்கக் கூழ்முட்டை நாற்றம். கறுப்பாக உள்ளே போனது பச்சையும் மண்ணிறமுமாக வெளியே வந்தது. ஆசிரியை அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, இனி இது உனக்குத்தான் என்று அண்ணாவிடமே கொடுத்துவிட்டாராம். பின்னாளில் அண்ணா இந்தக் கதையை மேடையில் டேனிஷில் சொல்லிச் சபையைச் சிரிக்க வைப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

அண்ணா வீட்டில் சாதகம் செய்யத் தொடங்கினால் அம்மா வெளியே வளவுக்குப் போய்விடுவார். பனி கொட்டினாலும் சரி, ஒரு கம்பளிச் சட்டைகூடப் போடாமல் போய் நிற்பார். சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை என்று பக்கத்து வீட்டு டேனிஷ்காரிக்கே தெரிந்திருந்தது.

பிறகு அண்ணா கோபன்ஹேகனுக்குப் படிக்கப் போய், அங்கேயே தங்கிவிட்டார். நகரத்துக்குப் பக்கத்தில் அல்பர்ட்ஸ்லுண்டில் ஒரு சின்ன வீடு. கிழமை நாட்களில் முதியோர் இல்லத்தில் வேலை, சனி ஞாயிறுகளில் ஜாஸ். பெரிய பெயர் என்று சொல்ல முடியாது. ஆனால் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

முதல் இசைத்தட்டை ரண்டர்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் பதிவு செய்தார்கள். அண்ணாவும் பியானோ வாசிக்கும் ஒரு நண்பரும் மட்டும். அவித்த அந்த ஊதுவாயைத்தான் அப்போதும் வைத்திருந்தார். நல்ல குளிர்காலம். வெப்பமூட்டி இரைகிறது என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். அந்தத் தட்டில் எல்லாமே கேட்கும். பியானோக்காரரின் கதிரை முனகுவது, சாக்ஸபோனின் சாவிகள் தட்டுப்படுவது, அண்ணா ஒவ்வொரு அடிக்கும் முன்னால் இழுக்கும் மூச்சு. அந்த மூச்சில் மெல்லிய ஒரு விசில் இருக்கும். ஒரு பத்திரிகையில் வாசிப்பைப் பத்தி பத்தியாகப் புகழ்ந்து எழுதிவிட்டு, மூச்சுச் சத்தம் தொல்லை தருகிறது என்று ஒரு வரியையும் சேர்த்திருந்தார்கள். அண்ணா புகழ்ச்சியையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு வரியைத்தான் சாகும்வரை மனதில் வைத்திருந்தார்.

அதனால் கடைசி இசைத்தட்டை நல்ல ஸ்டூடியோவில் செய்தபோது, ஒலிப்பதிவாளரோடு கூட இருந்து ஒவ்வொரு மூச்சாக வெட்டி எடுக்க வைத்தார்.

"ஒரு இடத்திலையும் கேக்காது, பார்" என்று என்னிடம் தொலைபேசியில் சொன்னார். குரலில் அப்படி ஒரு பெருமை. எனக்கும் அந்தத் தட்டுத்தான் பிடித்தது. அப்பழுக்கில்லாத வாசிப்பு.

வெளிவரும் ஒவ்வொரு தட்டையும் அம்மாவுக்கு அனுப்பிவைப்பார். அம்மா சுற்றியிருக்கும் பொலித்தீனைக்கூடப் பிரிக்கமாட்டார். அதன்மேலேயே சந்தனம் குங்குமம் வைத்து, சாமித்தட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அடுக்கிவிடுவார். கேட்காமல் தப்புவதற்கு இதைவிட மரியாதையான வழி கிடையாது என்று நான் அண்ணாவிடம் நக்கலாகச் சொல்வேன். அவர் சிரிப்பார். ஆனால் ஒருமுறை, "ஒருக்கா எண்டாலும் அம்மா கேட்டிருக்கலாம், என்ன?" என்றார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

போன இலையுதிர்காலத்தில் அண்ணா போய்விட்டார். இருதயம். மூச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மூச்செடுக்கக் கஷ்டப்பட்டவனோ?"

"இல்லை அம்மா" என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

செத்தவீடு முடிந்து எட்டுச்செலவு வந்தது. இறந்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்து அவர் படத்துக்கு முன்னால் படைக்கிற நாள் அது. நண்டுக்குழம்பு, கணவாய்ப் பொரியல், புட்டு, அண்ணா எந்நேரமும் சப்பிக்கொண்டிருக்கும் உப்பு லக்ரிஸ் மிட்டாய் எல்லாம் வாழையிலையில் இருந்தன. அவருடைய இசையையும் போடுவோம் என்று நான் சொன்னேன். அப்பா காலமான பிறகு வீட்டுக்குப் பெரியவராக இருந்த சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"இது செலவு வீடு. தேவாரம் போடு, அது காணும்."

"சாப்பாட்டிலை மட்டும் அவரின்ரை விருப்பம் பாக்கிறியள். அவர் உயிரைக் குடுத்துச் செய்தது உங்களுக்குக் கணக்கில்லையோ?" என்று வெடித்துவிட்டேன்.

"போடட்டும்" என்றார் அம்மா.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வழக்கம்போல எழுந்து வளவுக்குப் போய்விட்டால், அத்தனை பேருக்கு முன்னால் அம்மா அண்ணாவைக் கடைசியாக ஒருமுறை வேண்டாம் என்று சொன்னதாகிவிடும். ஒரே ஒரு தடவையாவது அவர் இருந்து கேட்கவேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆகச் சிறந்ததைப் போடுவோம் என்று, நான் கொண்டுவந்திருந்த அந்தக் கடைசித் தட்டைப் போட்டேன். அண்ணா நீளமாக, மென்மையாக, எங்கும் அறுபடாமல் வாசித்தார். அம்மா தலையைச் சரித்து எதையோ தேடுவது போல இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய கை நெஞ்சுக்குப் போனது. முகம் வெளிறியது.

"நிப்பாட்டு, பிள்ளை. நிப்பாட்டு."

சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையில், சொன்னேனே என்பது இருந்தது. நான் நிறுத்தினேன். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"ஒருக்கா முழுசாக் கேக்கக் கூடாதே அம்மா? இதைக்கூட அண்ணாவுக்குச் செய்யமாட்டீங்களோ?"

"இதிலை அவன் மூச்சே எடுக்கேல்லையடி!" என்றார் அம்மா. அவருக்கே மூச்சு வாங்கியது. "இவ்வளவு நேரமா ஊதுறான், ஒருக்கா எண்டாலும் எடுத்தவனே? அவன் எடுத்தாத்தானே நான் எடுக்கலாம்."

அம்மாதான் தொடர்ந்தார்.

"சின்னனிலையிருந்து அப்பிடித்தான். அவன் ஊதினா, அடுத்த மூச்சு எடுக்கும்வரைக்கும் எனக்கு இஞ்சை நெஞ்சு அடைச்சுப்போகும். அதுதான் வெளியிலை போய் நிக்கிறனான். சபையிலை எல்லாருக்கும் முன்னாலை இருந்து நான் என்னெண்டு கேக்கிறது?"

சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்த முதல் தட்டைச் சாமித்தட்டிலிருந்து எடுத்து, பொலித்தீனைக் கிழித்துப் போட்டேன். அந்தத் தேவாலயத்தின் அமைதி வீட்டுக்குள் வந்தது. பிறகு, முதல் சுரத்துக்கு முன்னால், மெல்லிய விசிலோடு அண்ணாவின் மூச்சு.

அம்மாவும் மூச்செடுத்தார்.

அடுத்த மூச்சுக்கும் எடுத்தார். அதற்கடுத்ததற்கும். கண்ணை மூடி, நெஞ்சில் கைவைத்து, அண்ணா இழுக்கும்போது இழுத்து, ஊதும்போது மெல்ல விட்டுக்கொண்டிருந்தார். இப்படி அண்ணாவை யாருமே கேட்டிருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அந்தப் பத்திரிகைக்காரரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தத் தட்டின் முடிவில் ஒரு விஷயம் இருக்கிறது. கடைசிச் சுரம் அடங்கிய பிறகு அண்ணா இன்னுமொரு மூச்சை ஆழமாக இழுக்கிறார், மேலும் வாசிக்கப் போவது போல. அதோடு பதிவு நின்றுவிடுகிறது. அந்த மூச்சை அவர் விடும் சத்தம் தட்டில் கிடையாது. நான் அதை மறந்திருந்தேன்.

அம்மாவும் அந்த மூச்சை இழுத்தார். பதிவு நின்றது. அவர் கண்ணைத் திறந்து, மூச்சை விடாமல் என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"முடிஞ்சுது அம்மா" என்று அவர் கையைப் பிடித்தேன். "மூச்சை விடுங்கோ."

அண்ணா இறந்த பிறகு அம்மா அழுதது அப்போதுதான்.