வலது பக்கத்து விசில்

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூர் ஹெப்பாளில் அக்கா வீட்டில் தங்கி காலேஜ் போய்க்கொண்டிருந்தேன். அந்த சங்கராந்திக்குப் பிறகு அக்கா பையனுக்குள் யாரோ விசிலடிக்க ஆரம்பித்தார்கள்.

சத்தியமாக. இரண்டு வயசுப் பயல் வாயை மூடிக்கொண்டு பொம்மை லாரி ஓட்டுவான். விசில் மட்டும் வரும். மாமா ஃபாக்டரிக்குப் போன பிறகு, மதிய நேரத்தில், அது சுவருக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கும். நடுநடுவே வறட்டு இருமல். ஒரு நாள் அவன் முதுகில் காதை வைத்தேன். இடது பக்கம் சாதாரண மூச்சு. வலது பக்கம், சாவித் துவாரத்தில் யாரோ வாய் வைத்து ஊதுகிற சத்தம். சடாரென்று தலையை எடுத்துக்கொண்டேன்.

தெருமுனை டாக்டர் சளி என்று சிரப் மேல் சிரப்பாகக் கொடுத்தார். அக்கா நம்பவில்லை. சங்கராந்தியன்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி தட்டில் எள்ளும் வெல்லமும் கலந்த எள்ளு பெல்லா கொண்டுவந்து, "எஷ்டு முத்தாகித்தானே!" என்று கன்னடத்தில் அவன் அழகைச் சொல்லிக் கொஞ்சினாராம், அந்த நொடியே பையனுக்கு இருமல் பிடித்ததாம். ஆக, திருஷ்டி. மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். திருஷ்டி இருந்தால் நெடி வராது என்பார்கள். வரவேயில்லை. ஆன்ட்டியின் தட்டை யாரையும் தொட விடாமல் அலமாரி மேல் வைத்தாள். அந்தப் பக்கம் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"டாக்டர்ட்ட இதச் சொன்னியாக்கா?"

"சீ, பைத்தியம்னு நெனைப்பாரு. நீ வாய வெச்சிட்டுச் சும்மா இரு."

ஒரு காலை இருமி முடித்தபோது பையன் உதடு நீலமாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா ஸ்டெத்தை இடது பக்கம் வைத்தார், வலது பக்கம் வைத்தார், மறுபடியும் வலது.

"திடீர்னு ஆரம்பிச்சுதா?"

"இல்ல மேடம், சளிதான்" என்றாள் அக்கா.

எனக்குச் சிரிப்பு. "மேடம், இவ கணக்குல பக்கத்து வீட்டு ஆன்ட்டி கண்ணு வெச்சிட்டாங்க. எள்ளு பெல்லா குடுத்தாங்க, உடனே இருமல்!"

அக்கா தொடையில் கிள்ளினாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"அதரல்லி கட்லெ பீஜ இத்தா?"

வேர்க்கடலை இருந்ததா என்கிறார். அக்கா முகம் வெளுத்தது.

"இருந்துச்சு. வாய்ல போட்டுட்டே சிரிச்சான்."

"இத ஏம்மா மொதல்லயே சொல்லல? ஒரு பக்கம் மட்டும் சத்தம். கடலை மூச்சுக்குழாய்ல மாட்டிருக்கும்."

மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். அரைக் கடலை. சின்ன பாட்டிலில், ஊறி வெளுத்துக் கிடந்தது.

வீடு திரும்பிய மதியம் விசில் இல்லை. அந்த அமைதி அதைவிடப் பயங்கரம். தூங்குகிறவன் மூக்கருகே அக்கா விரல் வைத்து வைத்துப் பார்த்தாள். பிறகு தட்டை இறக்கிக் கழுவிச் சர்க்கரை நிரப்பினாள்.

"வெறுந்தட்டாக் குடுக்கக் கூடாதுடா. நீ போய்க் குடு."

"நானா? கண்ணுன்னு சொன்னது யாரு? நீயே போ."

போனாள். "மகு ஹேகித்தானே?" என்று ஆன்ட்டி குழந்தையை விசாரிப்பது சுவர் தாண்டிக் கேட்டது. பிறகு அக்கா அழுகிற சத்தம். நான் மெதுவாகப் பையன் முதுகில், வலது பக்கம், காதை வைத்தேன்.