உப்பு என்று சொன்னார்கள்

என் கணவருக்கு உடம்பு சரியில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது அவருடைய ஷூ. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் அவர். இரும்பு முனை வைத்த ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆவணியில் ஒரு காலை அது காலில் ஏறவில்லை. பழசாகிவிட்டது, வேறு வாங்குங்கள் என்றேன். கால்தான் வீங்கியிருக்கிறது என்று எங்களுக்கு உறைக்க இரண்டு வாரம் ஆயிற்று.

பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர், ஆஸ்பத்திரி நடைகூடத்தில் நின்றபடியே சொன்னார்: "உப்பு கூடியிருக்கும்மா. கிட்னி பாதிக்கு மேல வேலை செய்யல. சாப்பாட்டுல உப்பைக் குறைங்க." உணவு ஆலோசகரையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அங்கே வரிசை நீளமாக இருந்தது. உப்பைக் குறைக்க எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா என்று நினைத்து, வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

இதே சொல்லைக் கேட்டுவிட்டு வந்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சிறுநீரக நோயில் 'உப்பு கூடியிருக்கிறது' என்றால் பெரும்பாலும் கிரியாட்டினினும் யூரியாவும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகள்) ரத்தத்தில் தங்கிவிட்டன என்று பொருள். சமையல் உப்பைக் குறைப்பது சிகிச்சையில் ஒரு பகுதி மட்டுமே. எனக்கு அது தெரியாது. நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். ஊரைச் சுற்றி உப்பளம். உப்பு என்றால் எங்களுக்கு ஒரே உப்புதான்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் அன்றைக்கே வீட்டைவிட்டுப் போயின. கடைக் காய்கறியையும் நம்பவில்லை. மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் உண்டு. ஐப்பசியில் மழை தொடங்கி வெயில் தணிந்தால் எங்கள் ஊரிலும் செடிகள் சந்தோஷமாக வளரும். சமையல் கழிவையும் வேப்பஞ்சருகையும் மட்கவைத்து மண்ணில் கலந்து, தண்டங்கீரையும் அரைக்கீரையும் விதைத்தேன். தக்காளிக்கும் இடம் ஒதுக்கினேன்; அது காய்க்கும்வரை தக்காளி மட்டும் கடையில்தான். வேலியோரம் முருங்கை ஏற்கெனவே நின்றது.

எங்கள் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதை ஊற்றினால் கீரைக்குள் உப்பு ஏறி, அவர் உடம்புக்குப் போய்விடும் என்று ஒரு கணக்குப் போட்டேன். மொட்டைமாடியிலிருந்து குழாய் இறக்கி, நான்கு டிரம்களில் மழைத்தண்ணீர் பிடித்தேன். அதை மட்டுமே ஊற்றினேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைத் தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தினமும் காலையில் முருங்கையிலைச் சாறு, மதியம் கீரை, மாலையில் தக்காளி ரசம். எதிலும் ஒரு கல் உப்பு கிடையாது. கீரை வெந்த தண்ணீரைக்கூட, சத்து வீணாகிவிடும் என்று, டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார். நான் பக்கத்தில் நின்று கடைசி மடக்குவரை பார்த்தேன்.

கார்த்திகையில் ஒரு காலை, கட்டிலிலிருந்து எழுந்தவர் நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். கால் தன்னுடையது மாதிரியே இல்லை என்றார். ஆட்டோவில் ஏற்றும்போது அவர் காலை நான்தான் தூக்கி உள்ளே வைத்தேன்.

இசிஜி (இதயத் துடிப்பைக் கோடுகளாகக் காட்டும் சோதனை) எடுத்ததும் மூன்று பேர் ஓடிவந்தார்கள். அவசர ஊசி போட்டு, டயாலிசிஸுக்கு (இயந்திரத்தின் வழியே ரத்தத்தைச் சுத்தம் செய்யும் சிகிச்சை) கொண்டுபோனார்கள். சிறுநீரக மருத்துவர் ஓர் இளம் பெண். வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாகவே சொல்லத் தொடங்கினேன். மழைத்தண்ணீர் வரை வந்தபோது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"நீங்க உப்பை நல்லாக் குறைச்சிருக்கீங்கம்மா. பொட்டாசியத்தை அள்ளி அள்ளிக் குடுத்திருக்கீங்க. கீரை, தக்காளி, அந்த வேகவச்ச தண்ணி, எல்லாத்துலயும் அதுதான். கிட்னியால அதை வெளியேத்த முடியல. இன்னும் கொஞ்சம் நேரம் போயிருந்தா ஹார்ட் நின்னிருக்கும்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அழுதேன். பயத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

டயாலிசிஸ் முடிந்து கண் திறந்த என் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"பொட்டாஷா? அந்த உரக் கப்பல் வந்தா நாந்தான் இறக்குதேன். நீ ஒரு கப்பலையே எனக்குள்ள இறக்கிட்டியேளா."

பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் வீடு திரும்புவதற்கு முந்தின நாள் எல்லாச் செடிகளையும் பிடுங்கி எறிந்தேன். முருங்கையையும் வெட்டச் சொன்னேன். நோயைப் பற்றியே புலம்பாதவர், வெறும் மண்ணைப் பார்த்ததும் கோபப்பட்டார். "செடி என்னளா செஞ்சுது?" என்று கேட்டுவிட்டு, அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

அதன் பிறகுதான் நான் முன்பு தவிர்த்த வரிசையில் போய் நின்றேன். ஆலோசகர் கற்றுக்கொடுத்தது எளிய முறை. காயைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பொட்டாசியத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடும். என் கணவருக்குச் சுரைக்காயும் புடலையும் அளவாகச் சாப்பிடலாம் என்றார். இது அவருக்கான பட்டியல். உங்களுடையதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

மார்கழியில் அதே மண்ணில் புடலையும் சுரையும் ஊன்றினேன். காய் வெந்த தண்ணீரை ஆறவைத்து அந்தச் செடிகளுக்கே ஊற்றுகிறேன். அவருக்கு ஆகாதது அவற்றுக்கு உரம். உரக் கப்பல் கடைசியில் சரியான இடத்தில்தான் இறங்குகிறது என்பார் அவர்.

சிறுநீரகம் பழைய நிலைக்கு வரவில்லை. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். அதற்காக இடக்கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் அறுவையில் இணைத்து ரத்த ஓட்டத்தைக் கூட்டிய இடம்) வைத்திருக்கிறார்கள். தொட்டால் உள்ளே ஒரு அதிர்வு தெரியும். அது நின்றால் உடனே வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பிறகு என்ன செய்யலாம் என்று முன்பெல்லாம் மணிக்கணக்காகப் பேசுவோம். இப்போது செவ்வாய்க்கு அப்பால் வெள்ளி, வெள்ளிக்கு அப்பால் செவ்வாய். அதற்குள் நிறைய இடம் இருப்பது மெதுவாகத்தான் தெரிந்தது.

முதல் புடலங்காயைப் பறித்த அன்று, கூட்டு வைத்துவிட்டேன். பரிமாறக் கை வரவில்லை. கரண்டியோடு நின்றவள், அத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"என் கையால சாப்பிட உங்களுக்குப் பயமா இல்லியா?"

இல்லை என்று சொல்வார், நான் நம்பமாட்டேன் என்று நினைத்திருந்தேன்.

"பயந்தான்," என்றார். "பசிக்கவும் செய்யுதுல்லா. போடு."

ஒரு கரண்டி போட்டேன். அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, கேட்காமலே இடக்கையை என் பக்கம் நீட்டினார். தழும்பின் மேல் விரல்களை வைத்தேன்.

"ஓடுதா?"

"ஓடுது."

அதற்குப் பிறகுதான் நான் எனக்குத் தட்டு எடுத்தேன்.