மகள் என் வாயைப் பார்த்த நாள்

பட்டினப்பாக்கத்தில் மீன் வெட்டி விற்பவன் நான். ஏழு வயது மகளுக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. முதல் தடவை மயிலாப்பூர் பல் டாக்டரிடம் கூட்டிப்போனபோது, "சும்மா பாப்பாங்க, அவ்ளோதான்" என்று சொல்லிவைத்தேன். ஊசியைப் பார்த்ததும் அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். இரண்டாம் தடவை நாற்காலியிலேயே ஏறவில்லை. இனியும் தள்ளினால் பல்லைப் பிடுங்க வேண்டிவரும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

மூன்றாம் தடவை டாக்டர் வீட்டு வாசலிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ பொய் சொல்ற நைனா. நான் வர மாட்டேன்."

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அஞ்சாவதோடு படிப்பை விட்டவன், டாக்டரிடம் என்ன பேசுவது? அன்றைக்கு உள்ளே போய் டாக்டரம்மாவிடம் எப்படியோ பேசிவிட்டேன்.

"எங்க கடைல செவுளத் தூக்கி செவப்பா இருக்குன்னு காட்டாம யாரும் மீன் வாங்க மாட்டாங்கம்மா. இவளும் அப்டித்தான். காட்டிட்டு செஞ்சா ஒத்துக்குவா."

டாக்டரம்மா சிரித்தார். "அப்போ முதல்ல நீங்க ஏறி உக்காருங்க."

அதுவரை எந்தப் பல் டாக்டரிடமும் நான் வாயைக் காட்டியதில்லை. நான் ஏறி உட்கார்ந்ததைப் பார்க்க மகள் கம்பியை விட்டு உள்ளே வந்தாள். டாக்டரம்மா ஒரு குட்டிக் கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார். அவள் என் கன்னத்தை இழுத்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஐயே, இன்னா நைனா இது? மூணு பல்லு கருப்பா கீது!"

"நல்லா இருக்கா, கெட்டுப்போச்சா?" என்றார் டாக்டரம்மா.

"நம்ம கடைல இத ஒருத்தரும் வாங்க மாட்டாங்க."

வெளியே காத்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் அவளும் சிரித்தாளே!

அடுத்து அவளே ஏறி உட்கார்ந்தாள். டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. தண்ணீர் பீய்ச்சும் குழாயை முதலில் அவள் நகத்தில் வைத்துக் காட்டினார். "ஊசி கொஞ்சம் வலிக்கும். பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும். நிறுத்தணும்னா கையத் தூக்கு" என்றார்.

ஊசி போட்டபோது என் விரலை நசுக்கினாள், அழவில்லை. பல்லைச் சுத்தம் செய்யும்போது நாலு தடவை கையைத் தூக்கினாள். நாலு தடவையும் டாக்டரம்மா நிறுத்தினார்.

"வலிக்குதா கண்ணு?"

"இல்ல. நிறுத்துறீங்களான்னு பாத்தேன்."

அதற்குப்பின் கை எழவே இல்லை. டாக்டரம்மா பல்லை அடைத்து முடித்தார்.

தெருவில் நின்ற ஆட்டோவின் கண்ணாடியில் அவள் வாயைப் பிளந்து பார்த்தாள்.

"இன்னா பாப்பா, என் கண்ணாடிய முழுங்கப் போறியா?" என்றார் ஆட்டோக்காரர்.

"பல்லு அங்கியே கீது மாமா! புடுங்கவே இல்ல!" மரத்துப்போன உதடு ஒருபக்கம் கோண, கத்தினாள்.

என்ன ஏதென்று தெரியாமலே அவர் கை தட்டினார்.