அலைன்மென்ட் அண்ணன் பார்த்த கால்கள்

“காலைத் தூக்குங்க தம்பி.”

உள்ளரங்கின் வாசலில், என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. அலுவலக நண்பர்கள் ஷட்டில் ஆடக் கூப்பிட்டிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்தபின் நானே தேர்ந்தெடுத்து வாங்கிய ஷூவை மாட்டிக்கொண்டு, யாராவது பார்க்கமாட்டார்களா என்ற நினைப்போடு போயிருந்தேன். பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்தபடியே, குதிரைக்கு லாடம் கட்டுகிறவர்போல என் வலது காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்தார். ஷூவின் அடியைக் கட்டைவிரலால் தடவினார். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் சாக்பீஸ் ஒன்றை எடுத்து, குதிகாலின் வெளிவிளிம்பில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

“வெளிப்பக்கமா தேயுது. அதுவும் இது நேரா ஓடுறவங்க போடுற ஷூ. இங்க யாரு நேரா ஓடுறா? நண்டு மாதிரி பக்கவாட்டுலதான் ஓடணும். இதோட உள்ள போனீங்கன்னா சாயங்காலம் நொண்டிக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவீங்க.”

நான் பொறியியல் படித்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அது. அந்தக் காலில் ஒருவர் தப்பு என்று குறி போட்டுவிட்டாரே என்று சுருக்கென்றது. “நீங்க யாருங்க?” என்று கேட்டேன்.

“நான் வீல் அலைன்மென்ட் பாக்குறவன்” என்றார், வேறென்ன தகுதி வேண்டும் என்பதுபோல.

அரங்கில் எல்லோருக்கும் அவர் அலைன்மென்ட் அண்ணன். மூன்று தெரு தள்ளி அவருடைய டயர் கடை இருக்கிறது. ஐம்பதைத் தொடும் வயது, கட்டையான உடம்பு, எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாத கறுப்பு. கடைக்குள் வரும் காரின் ஓட்டுநர் கதவைத் திறப்பதற்குள் இவர் குனிந்து சக்கரத்தைப் படித்து முடித்திருப்பார். “ரெண்டு ஓரமும் தேஞ்சிருந்தா காத்து கம்மி. நடுவுல தேஞ்சிருந்தா காத்து ஜாஸ்தி. ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா சக்கரம் கோணல். மனுஷனும் அவ்வளவுதான் தம்பி.” கோணலான சக்கரத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி. சரிசெய்து முடித்து, தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்ததும், அதை அழித்து ஒரு டிக். புது டயரில் மட்டும் எந்தக் குறியும் போடமாட்டார். “புது டயர்கிட்ட என்னத்தக் கேக்குறது? அது பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி, வாயே திறக்காது. ஓடணும். ஓடித் தேஞ்சாத்தான் உண்மையைச் சொல்லும்.”

டயருக்குப் பழகிய கண் ஷூவுக்கும் போய்விட்டது. முகங்கள் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. வங்கி மேலாளர் ஒருவர் ஒருநாள் காய்கறிக் கடையில் சிரித்துக்கொண்டே வந்து கையைப் பிடிக்க, இவர் திருதிருவென்று விழித்திருக்கிறார். பிறகு என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்: “செருப்போட வந்தா நான் எப்படித் தம்பி கண்டுபிடிக்கிறது?” அவருடைய கைபேசியில் ஆட்கள் தேய்மானப்படிதான் பதிவாகியிருக்கிறார்கள். பல் டாக்டர் அதில் ‘இடது கட்டைவிரல்’. நான் ‘பட்டதாரி வெளிவிளிம்பு’. பட்டத்தை விட்டுவிடாமல் சேர்த்தாரே என்று விளிம்பை மன்னித்துவிட்டேன்.

அடுத்த வாரமே என்னை ஒரு ஷூக் கடைக்கு இழுத்துப் போனார். காலையில் போகலாமா என்றதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. “காலைல வாங்குற ஷூ சாயங்காலம் கடிக்கும். நாளெல்லாம் நின்னு நடந்து, கால் லேசா வீங்கினப்புறம்தான் அதோட நெசமான சைஸ் தெரியும்.” ஆடும்போது போடும் தடித்த காலுறையைக் கையோடு எடுத்து வரச் சொன்னார். கடையில் என் இரண்டு பாதங்களையும் தனித்தனியாக அளந்தார். வலது, இடதைவிட அரை விரல் நீளம். “பெரிய காலுக்குத்தான் வாங்கணும். சின்னது அனுசரிச்சுக்கும். குடும்பம் மாதிரி.”

பிறகு நடந்ததைக் கடையிலிருந்த எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். ஒவ்வொரு ஷூவையும் எடுத்து ஈரத்துணி பிழிவதுபோல முறுக்கினார். முன்பக்கம் மடங்கவேண்டும், நடுப்பாகம் முறுக்கிக்கொள்ளக் கூடாது. குதிகாலுக்குக் கீழே நான்கு விரல் உயரத்துக்குப் பஞ்சு வைத்த ஒன்றை எட்டத் தள்ளினார். “மெத்தைல படுக்கலாம். மெத்தை மேல நின்னு ஆட முடியுமா? கால் பெரண்டுரும்.” அதைச் சொன்னபோது மட்டும் அவர் குரல் ஒரு படி இறங்கியது. நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேன் நிறத்தில் தட்டையான ரப்பர் அடி உள்ள ஒரு ஜோடி கடைசியில் தேறியது. அதைப் போட்டுக்கொண்டு, அலமாரிகளுக்கு நடுவே ஒரு காலை அகலத் தூக்கி வைத்துப் பாயச் சொன்னார்.

விற்பனைப் பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். “அண்ணே, போன வாரம் உங்க பேச்சைக் கேட்டுப் பாய்ஞ்சவரு பெல்ட் ஸ்டாண்டைப் போயிக் கட்டிப் புடிச்சாரு.”

“விழுந்தாரா?”

“விழல.”

“அப்ப ஷூ நல்ல ஷூதான்.”

முதலில் அளப்பதற்காகக் காலுறையைக் கழற்றச் சொன்னபோதுதான் நான் தயங்கியிருந்தேன். பத்தாம் வகுப்பு முடியும்வரை நான் ஷூ போட்டதில்லை. என் பாதம் முறம்போல் விரிந்திருக்கும். கல்லூரி விடுதியில் நான்கு வருடமும் அதைக் கட்டிலுக்கு அடியில் மடக்கி வைத்தே உட்கார்ந்திருந்தேன். அவர் குனிந்து, விரல்களின் இடைவெளியை நிதானமாகப் பார்த்தார். “அருமையான கால் தம்பி. ஒரு விரல் இன்னொரு விரலை நெருக்கல. கம்பெனி பிட்டிங். இதைப் போயி ஊசிமூக்கு ஷூவுக்குள்ள திணிச்சு வெச்சிருந்தீங்களே, உங்களை என்ன பண்றது?” பட்டமளிப்பு மேடைக்கு அப்புறம் என்னைப் பற்றி நான் கேட்ட நல்ல வார்த்தை அதுதான். முன்பக்கம் அகலமான அந்த ஜோடியைத்தான் இன்றும் போடுகிறேன்.

இப்படி அரங்கில் முப்பது பேருக்காவது ஷூ தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர், தான் மட்டும் மட்டையைத் தொடுவதில்லை. ஆட்டத்தைப் பார்ப்பதும் இல்லை. அவருடைய பெஞ்சு கோர்ட்டுக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்துக் கிடக்கும். வருகிறவர்களின் காலைப் பார்க்க வசதியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். விஷயத்தைச் சொன்னவர் அண்ணி.

அண்ணி என்றால் அவருடைய மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தும் வேலை. நாக்கும் அதே தொழில்தான் செய்யும். ஞாயிறுதோறும் அவரோடு வந்து மாடி வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஆட்டத்துக்குப் புள்ளி சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்குச் சரியாகப் புள்ளி சொல்லத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்பு அந்த அரங்கிலேயே பெண்கள் பிரிவில் அண்ணிதான் முதல் ஆள்.

“என் பொறந்த நாளுக்கு இவரு ஆசையா ஒரு ஜோடி வாங்கிட்டு வந்தாரு” என்றார் அண்ணி. “ஊதா கலர். மெத்து மெத்துன்னு. அதைப் போட்டுக்கிட்டுத்தான் வருஷப் போட்டில கடைசி ஆட்டம் ஆடினேன். பின் மூலைக்கு ஒரு பந்து வந்துச்சு. பக்கவாட்டுல கால வெச்சேன், குதிகால் அப்படியே உருண்டுருச்சு. ஆறு வாரம் கட்டு. எனக்குக் கட்டு பிரிச்ச அன்னிக்கே வலி போச்சு. இவருக்கு இன்னும் போகல.”

டயர் கடையில் ஒருநாள் நானே கேட்டேன். கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “எவன் எவன் வண்டியோ வருது, பாத்த உடனே கோணல் எதுன்னு சொல்லிடுறேன். வீட்டுல இருக்கிறதே ரெண்டு காலு. அதுக்கு எது பொருந்தும்னு எனக்குத் தெரியலையே தம்பி.”

அண்ணி இனி ஆடலாம் என்று எலும்பு டாக்டர் சொல்லி ஒரு வருடமாகிவிட்டது. அண்ணனும் மனைவிக்கு ஷூ தேடிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு ஜோடியாக வீட்டுக்குக் கொண்டுவருவார், முறுக்குவார், அழுத்துவார், தலையை ஆட்டுவார், திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒன்றில் மூக்கு குறுகல். இன்னொன்றில் குதிகால் பிடிமானம் போதாது. இந்த வருடப் போட்டிக்குப் பெயர் கொடுக்கக் கடைசி வாரம் வந்தபோது ஒன்பதாவது ஜோடி வந்திருந்தது. பெஞ்சில் வைத்து என் எதிரிலேயே சோதித்தார். அவர் எனக்குச் சொல்லித்தந்த அத்தனை சோதனையிலும் அது தேறிவிட்டது.

“லேஸ் சரியில்ல” என்றார்.

“லேஸை மாத்திக்கலாமே அண்ணே.”

டப்பாவை மூடினார். மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்த அண்ணி அதைப் பார்த்துவிட்டு நின்றார். “ஏங்க, உங்களுக்கு ஷூ கிடைக்கலையா, மனசு வரலையா?”

“நல்லதா ஒண்ணு வரட்டும்னு பாக்குறேன்.”

“வரும் வரும். எனக்கு ஊன்றுகோல் வாங்குற வயசுல வரும்.”

நான் சிரித்துவிட்டேன். அண்ணனும் சிரித்தார், ஆனால் டப்பாவைத் திறக்கவில்லை. அண்ணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு அண்ணன் மட்டும் முன்னால் வந்து பெஞ்சில் அமர்ந்திருந்தார். பல் டாக்டரின் கால் அவர் தொடைமேல் இருந்தது. அப்போது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு ஜோடி வெள்ளை ஷூ உள்ளே வந்தது. தேன் நிற அடி, தட்டைக் குதிகால், அகலமான மூக்கு. அண்ணன் கண் முதலில் ஷூவுக்குத்தான் போனது, பிறகுதான் மெல்ல ஏறி மனைவியின் முகத்துக்கு வந்தது. டாக்டரின் கால் பொத்தென்று தரையில் விழுந்தது.

“இது எப்ப வாங்கினது?”

“புதன்கிழமை. சாயங்காலம்தான் போனேன், பயப்படாதீங்க. தடி காலுறை கொண்டு போனேன். பெரிய காலுக்குத்தான் பாத்தேன். துணி மாதிரி முறுக்கினேன். கடைக்குள்ள எகிறி எகிறிப் பாய்ஞ்சேன். அந்தப் பொண்ணு, உங்க வீட்டுல எல்லாருமே இப்படித்தானான்னு கேட்டுச்சு.”

“பேர் கொடுத்துட்டியா?”

“கொடுத்துட்டேன்.”

அவர் கையை நீட்டினார். “காலைத் தூக்கு, பாக்கலாம்.”

“தூக்கமாட்டேன்” என்றார் அண்ணி. “புது டயர்கிட்ட என்னத்தக் கேப்பீங்க? ஓடித் தேச்சுக் கொண்டாரேன். அப்புறம் பாருங்க.”

சொல்லிவிட்டு அவர் கோர்ட்டுக்குள் போய்விட்டார். தன்னுடைய வாக்கியத்தையே எதிர்த்து அண்ணன் எப்படி வாதாடுவார்? திரும்பாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் ரப்பர் தரையில் கீச்சிடும் சத்தம் வரும்போதெல்லாம் தோள் இரண்டும் ஏறி இறங்கின. ஒருமுறை பந்து பின் மூலைக்குப் போயிருக்கவேண்டும். நீளமாக ஒரு கீச், அதன்பின் மௌனம். அண்ணன் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. உடனே ‘டப்’ என்று மட்டையில் பந்து பட்ட சத்தமும், எதிர்ப்பக்கம் ஆடிய பெண்ணின் “அய்யோ அக்கா” என்ற புலம்பலும் கேட்டன. அதற்குப் பிறகுதான் அவர் எழுந்தார். பெஞ்சின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். திருப்பிப் போட்டோம்.

போட்டியில் அண்ணி இரண்டாவது சுற்றிலேயே ஒரு கல்லூரி மாணவியிடம் தோற்றுப்போனார். எனக்கு வருத்தம். அண்ணனுக்கு அன்று வாயெல்லாம் பல். பார்த்தவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்: “தோத்துட்டா. தோத்துட்டு நடந்தே வெளிய வந்தா.”

அது முடிந்து நான்கு மாதமாகிறது. டயர் கடை அதே தெருவில்தான் இருக்கிறது. ஞாயிறு காலையில் அண்ணன் அதே வாசலில், கோர்ட்டைப் பார்த்துத் திரும்பிய பெஞ்சில் இருக்கிறார். உள்ளே வருகிறவர்கள் அவர் பார்வையில் படும்படி சுற்றிவந்து காலைத் தூக்கவேண்டும். போன வாரம் ஆட்டம் முடிந்து வியர்வையோடு வந்த அண்ணி, கேட்காமலே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் தூக்கி அவர் மடியில் போட்டார். வெள்ளை ஷூ பழுப்பேறியிருந்தது. அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கட்டைவிரல் குதிகாலில் தொடங்கி, வெளிவிளிம்பு, உள்விளிம்பு, முன்பாதம் என்று போய்வந்தது. ஓரமும் நடுவும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. அவர் பையைத் துழாவி, ஒரு துண்டு சாக்பீஸை எடுத்து, வலது காலின் அடியில் சின்னதாக ஒரு டிக் போட்டார். பிறகு இடது காலை எடுத்தார்.